மதியத்தில் தூங்கிய வெரோனிக்

"வெரோனிக். பல வருடம் நிற்கும் செடி. பூ சின்னது, நீலம். விதையைத் தூவு, மண் போட்டு மூடாதே. உங்கள் ஊரில் முளைக்காது."

ஒரு பழுப்புக் கவரின் பின்பக்கம் பென்சிலால் பிரெஞ்சில் எழுதியிருந்ததை இப்படித் தமிழில் பெயர்த்து என் நோட்டில் படியெடுத்து வைத்திருக்கிறேன். தேதி செப்டம்பர் 14. வருடம் போடவில்லை. தேதி போடுகிறவர்கள் வருடத்தை விட்டுவிடுவது எனக்குப் பல்வலி மாதிரி. ஆனால் எழுதியவர் என் மேலதிகாரியும் இல்லை, நான் அவரைக் கேள்வி கேட்கும் நிலையிலும் இல்லை. கடைசி வாக்கியத்துக்குக் கீழே இரண்டு கோடுகள் இருந்தன. இரண்டாவது கோடு காகிதத்தைக் கிழித்திருந்தது.

எழுதியவர் என் வீட்டுக்கார மதாமின் அண்ணி. முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் மேல்பகுதியில் நான் குடியிருக்கிறேன். பத்திரப் பதிவறையில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் பிரெஞ்சு பழைய கிரயப் பத்திரங்களைப் படித்து வந்த பிரெஞ்சு. எல்லை, வேலி, கிணறு, வாரிசு என்றால் புரியும். செடி கொடி என்றால் அகராதி வேண்டும். கீழே மதாம் தனியாக இருக்கிறார். பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது மனைவியோடு பிரான்சின் தென்பக்கம் ஒரு சின்ன ஊரில். இரண்டு பேரும் வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்துவிடுவார்கள்.

அவர்கள் வருவதில் மதாமுக்குச் சந்தோஷம்தான், ஒன்றைத் தவிர. விவிகம் கேக்.

இந்த ஊரில் சில வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் அந்தக் கேக்தான். ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி. மதாமின் அம்மா போட்ட கேக்கை அந்தத் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். அம்மா போன பிறகு, மாமியாரின் கைப்பக்குவம் மருமகளுக்குத்தான் வந்தது என்று அண்ணி அறிவித்துவிட்டார். ஒரே ஒரு வருடம் மதாம் போட்டிருக்கிறார். அண்ணி ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாருக்கு மா, ரவா கேசரி" என்றார். அதற்கப்புறம் பதினொரு கிறிஸ்துமஸ் அண்ணியின் கேக்.

"என் வீடு, என் ஓவன்," என்று மதாம் ஒருநாள் என்னிடம் சொன்னார். "எனக்கு முந்திரி உடைக்கிற வேலைதான் சார். அதுலயும் துண்டு பெருசா இருக்குன்னு திரும்பக் குடுப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில், ஒரு கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர் பெட்டியில் அந்த விதைக் கவர் வந்து சேர்ந்தது. மதாம் அன்று மாலையே அண்ணியைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் பழக்கம் அவருக்கு. மாடிப்படியில் நின்றால் எல்லாம் கேட்கும். நான் நின்றேன்.

"முளைக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் அண்ணி அனுப்பினீங்க?"

"எங்க வீட்டு வாசல்ல ஜமக்காளம் விரிச்ச மாதிரி பூக்குது மா. உனக்கு ஒரு ஆசைக்குன்னு அனுப்பினேன். அங்க வர்ற வெயிலுக்கு விதை பொரிஞ்சிடும்."

"கிறிஸ்துமஸுக்குள்ள பூத்துச்சின்னா?"

"பூத்தா பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்லாம் வேணாம். பூத்துச்சின்னா இந்த வருசத்துலேர்ந்து கேக்கு நான் போடுவேன். நீங்க நாற்காலியில உக்காந்து சாப்புடணும்."

"பூக்கலைன்னா?"

"கடைசிவரைக்கும் முந்திரி உடைக்கிறேன்."

அண்ணி சிரித்தார். சரி என்றார். மதாம் போனை வைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்து, "கேட்டீங்க இல்ல சார்? நீங்கதான் சாட்சி. நோட்டு எடுங்க" என்றார்.

இப்படித்தான் எனக்கு இந்த வேலை வந்தது.

நான் தோட்டக்காரன் இல்லை. ஆனால் படிப்பேன். மூன்று நாள் படித்ததில் தெரிந்தது: வெரோனிக் குளிர்நாட்டுத் தரைச்செடி. அதில் பல வகை உண்டு. சில ஒரே பருவத்தில் செத்துவிடும். அண்ணி அனுப்பியது வேர் விட்டுப் படர்ந்து வருடக்கணக்கில் நிற்கிற வகை. விதை பொடி மாதிரி இருக்கும். சில வாரம் குளிரில் வைத்து எடுத்தால் முளைக்க வாய்ப்பு அதிகம். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்பதால் மண் போட்டு மூடக்கூடாது. பானை மண்ணை முதலில் சூடேற்றி, அதில் இருக்கிற மற்ற விதையையும் வேரையும் சாகடிக்க வேண்டும்.

அக்டோபர் 6: கவர் மதாமின் ஃபிரிட்ஜில். குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா அன்று கொடுவா கொடுத்திருந்தார்; இடம் அதன் பக்கத்தில்தான் இருந்தது. அக்டோபர் 27 அன்று எடுத்தபோது விதையில் மீன் வாடை. இது முளைப்பைப் பாதிக்குமா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மண்ணுக்கு நான் ஸ்கூட்டரில் கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். ஒரு மனையில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு அரிசிச் சாக்கில் பாதி செம்மண் வாரிக்கொண்டு வந்தேன். மதாமிடம், "இதைத் தட்டுல பரப்பி ஓவன்ல அரைமணி நேரம் வைக்கணும்" என்றேன்.

மதாம் என்னைப் பார்த்த பார்வையை நோட்டில் எழுதவில்லை. எழுத வார்த்தை கிடைக்கவில்லை.

"எந்த ஓவன்ல?"

"உங்க ஓவன்லதான்."

"கேக்கு சுடுற ஓவன்லயா? ரோட்டு மண்ணையா?"

"ரோட்டு மண் இல்ல மதாம், மனை மண்."

"அந்த ஓவன்ல நான் கோழி கூட வச்சதில்ல சார். வருசத்துக்கு ஒரு தரம் தொறக்கிற ஓவன். மண்ணு வாசம் ஏறிச்சின்னா அண்ணி கேக்கு வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிடுவாங்க. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எந்தக் கேக்குக்காக இவ்வளவும் நடக்கிறதோ அதன் ஓவனில் மண்ணைச் சுடுவது முறையில்லை. சாக்கு மண்ணை ஒருநாள் வெயிலில் காய வைத்தேன், அன்றும் மேகமூட்டம். சல்லடையில் சலிக்கலாம் என்றால் இருந்த ஒரே சல்லடை மாவு சலிப்பது. கேட்கவே இல்லை. கையால் கட்டிகளை உடைத்துப் பானையில் போட்டேன். கட்டிகளுக்குள் ஏதோ வேர்த்துண்டுகள் இருந்தன. செம்மண் என்றால் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். விதையைத் தூவி, நீர் தெளித்து, கூடத்து ஜன்னலில் மாதா சுரூபத்துக்கு எதிரில் வைத்தோம். வெயில் நேராகப் படாத ஒரே ஜன்னல் அதுதான்.

நவம்பர் 9: பச்சை தெரிகிறது. நான் எழுதியது அவ்வளவுதான். அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது; அதன் அளவை மட்டும் குறித்து வைத்தேன். நான் தம்பி வீட்டுக் காரியமாகக் கடலூர் போய் ஒன்பது நாள் அங்கே மாட்டிக்கொண்டேன். திரும்பியபோது பானையில் மெல்லிய தண்டுகள் நாலு பக்கமும் தவழ்ந்திருந்தன. சின்ன இலை, சாம்பல் பூத்த பச்சை. மதாம் அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். காலை எட்டேகாலுக்குக் கீழேயிருந்து ஒரு கூச்சல். மதாம் விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன். ஜன்னலுக்கு முன்னால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பானையில் ஒரு நீலப்பூ. சட்டைப் பொத்தானை விடச் சின்னது. அந்த நீலம் ஜன்னலையே நிரப்பியது.

"எழுதுங்க சார். நேரம் போட்டு எழுதுங்க."

எழுதினேன். 'டிசம்பர் 8, காலை 8.15. ஜன்னல் பானையில் நீலப்பூ ஒன்று பூத்தது. நேரில் கண்டேன்.' கையெழுத்துப் போட்டேன். மதாம் அதையும் பூவையும் படம் பிடித்து அண்ணிக்கு அனுப்பினார். படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல். மீதியில் ஒரு நீலப் புள்ளி. அரைமணி கழித்து அண்ணியிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: "வந்து பாக்கறேன்."

டிசம்பர் 11 அன்று கீரைக்காரம்மா வந்தார். கோரிமேட்டைத் தாண்டி ஒரு கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம். கீரை விற்றுவிட்டு மதியம் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கும் போகிறவர். முளைக்கீரைக் கட்டை நீட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

"இத்த எதுக்குமா பானையில வச்சிருக்கீங்க?"

"பிரான்சுலேர்ந்து வந்த செடி," என்றார் மதாம்.

"இதுவா? எங்க கொல்லியில கால்ல மிதிபடுது. விஷ்ணுகிரந்தி மா. சொரம்னா கசாயம் வெப்போம். எப்ப பிளேன் ஏறிச்சாம் இது?"

மதாம் கீரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். நான் மாடிக்குப் போய், தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். பிறகு நான் செய்தது, டிசம்பர் 8-ஆம் தேதியே செய்திருக்க வேண்டியது: எண்ணினேன்.

வெரோனிக் பூவுக்கு இதழ் நாலு; அதிலும் அடியில் இருப்பது ஒடுங்கல். நடுவில் இரண்டே இரண்டு மகரந்தக் கேசரம், நத்தையின் கொம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இலைகள் ஜோடியாக எதிரெதிரே வரும், ஓரத்தில் பல் இருக்கும். எங்கள் பானையில் இதழ் ஐந்து, ஒரே அளவு. கேசரம் ஐந்து. இலை மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக ஏறியது, ஓரம் வழவழ. முழுக்கப் பட்டு மாதிரி முடி. பிரான்சிலிருந்து வந்த விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. மனை மண் கட்டிக்குள் உயிரோடு இருந்த வேர் மழை கண்டு துளிர்த்திருக்கிறது. ஓவனில் வைத்திருந்தால் செத்திருக்கும்.

மதாமிடம் சொன்னேன். அவர் என் நோட்டை வாங்கி டிசம்பர் 8 பக்கத்தை வகுப்பில் படிப்பது போல் உரக்கப் படித்தார்.

"நீலப்பூ ஒன்று பூத்தது. இதுல பொய் இருக்கா?"

"இல்ல."

"வெரோனிக்னு எழுதினீங்களா?"

"இல்ல. ஆனா…"

"முப்பத்தொரு வருசம் பத்திரம் பாத்தவரு நீங்க. எழுதாததுக்கு யாரு பொறுப்பு?"

"யாரும் பொறுப்பில்ல," என்றேன். பதிவறையில் நூறு தரம் சொன்ன பதில், பழக்கத்தில் வந்துவிட்டது.

"அவ்வளவுதான். விஷ்ணுவோ வெரோனிக்கோ, மாதா எதிர்க்க பூத்துச்சி. அவங்களே ஒண்ணும் சொல்லல."

பிறகு குரல் இறங்கியது. "பதினோரு வருசம் சார்."

அன்று கண்டுபிடித்ததை நான் மறைக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தேதியோடு முழுதாக எழுதினேன். செடி நோட்டில் அல்ல, தபால்தலை நோட்டில்.

டிசம்பர் 19 அன்று அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். அண்ணன் வந்ததும் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். கடைசிவரை வெளியே வரவில்லை. அண்ணி பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது சமையல் ஏப்ரன். அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் காலணியைக் கழற்றினார்.

எங்களுக்குச் சாதகமாக ஒன்றே ஒன்று இருந்தது. விஷ்ணுகிரந்தி காலையில் விரியும், மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் முதல் சில நாள் பதினொரு மணிக்கு முன்னால் எழுவதில்லை. எழுந்து, காப்பி குடித்து, குளித்து, கூடத்துக்கு வரும்போது மணி ஒன்று. பூவெல்லாம் சுருண்ட திரி மாதிரி இருக்கும்.

"எங்கமா பூ?" என்றார் அண்ணி முதல் நாள்.

"தூங்குது அண்ணி."

"வெரோனிக் மத்தியானத்துல தூங்காது."

"பாண்டிச்சேரிக்கு வந்தாச்சில்ல? ஒரு மணியானா கடைக்காரன்லேர்ந்து எல்லாரும் ஷட்டர எறக்கிட்டு தூங்குறாங்க. செடி மட்டும் என்னா செய்யும்?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் சிரிப்பு மட்டும் வந்தது. அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க முசியே. இது நான் அனுப்பின விதையா?"

"அக்டோபர் 27 அன்னிக்கி நீங்க அனுப்பின விதைய இந்தப் பானையிலதான் தூவினேன் மதாம். நவம்பர் 9 பச்சை. டிசம்பர் 8 பூ."

ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மைகளைச் சேர்த்துக் கட்டும் வேலையை அவரிடமே விட்டேன்.

டிசம்பர் 22 கேக் போடும் நாள் என்று மதாம் குறித்திருந்தார். 21-ஆம் தேதி காலை ஏழரைக்கு நான் செய்தித்தாள் எடுக்க இறங்கினேன். கூடத்தில் அண்ணி. தனியாக. மூக்குக் கண்ணாடி போட்டு, ஜன்னலில் குனிந்து நின்றார். பானையில் ஏழு பூ, முழுதாக விரிந்து. விமானத்து ஏசியில் பிடித்த ஜலதோஷம் அவரைச் சீக்கிரமே எழுப்பிவிட்டிருக்கிறது. நான் படியிலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வாழ்க்கையில் நேரம் குறிக்காமல் விட்ட அபூர்வமான சந்தர்ப்பம்.

அவர் தும்மினார். பிறகு கையை நீட்டி, தண்டோடும் பூவோடும் ஒரு பிடி கிள்ளினார்.

"என்னா அண்ணி பண்றீங்க!" மதாம் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

"திசான் போடப் போறேன். எங்க ஊர்ல வெரோனிக்க வெந்நீர்ல போட்டுக் குடிப்போம். சளிக்கு நல்லது. முப்பது வருசமா குடிக்கிறேன், ருசி எனக்குத் தெரியும்."

மதாம் என்னைப் பார்த்தார். நான் கீரைக்காரம்மாவின் கசாயத்தை நினைத்துக்கொண்டேன். உடம்புக்கு ஆபத்தில்லை. ஆபத்து கேக்குக்குத்தான்.

வெந்நீர் கொதித்தது. பூவும் இலையும் கோப்பையில் இறங்கின. அண்ணி ஒரு தட்டு போட்டு மூடி ஐந்து நிமிடம் காத்திருந்தார். நாங்கள் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி மேஜையின் இரண்டு பக்கமும் நின்றோம். அவர் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"கசக்குது."

"உங்களுதும் கசக்கும்னு சொல்வீங்களே?"

"கசக்கும். இவ்வளவு வெக்கமில்லாம கசக்காது."

"இங்க வெயில் ஜாஸ்தி அண்ணி."

"ம்." கோப்பையைக் காலி செய்தார். பிறகு என்னிடம், "முசியே, அந்த நோட்டக் குடுங்க" என்றார்.

செடி நோட்டைக் கொடுத்தேன். தமிழ் எழுத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்தார். விரல் டிசம்பர் 8-இல் நின்றது. பின்னோக்கி நவம்பர் 9-க்குப் போனது. மறுபடி முன்னால் வந்தது.

"வெதச்ச தேதி இருக்கு. பூத்த தேதி இருக்கு. எத்தினி மணிக்குன்னுகூட இருக்கு."

"ஆமாம் மதாம்."

"இலை எப்படி, இதழ் எத்தினி, அதெல்லாம் ஒண்ணும் காணோமே."

"மழை அளவு இருக்கு," என்றேன்.

"மழை அளவு இருக்கு," என்று அவரும் சொன்னார். நோட்டை மூடினார். மதாமைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மதாம் மேஜைத் துணியின் ஓரத்தைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார். மடிக்க அதில் ஒன்றுமில்லை.

"திராட்சைய எப்ப ஊற வச்ச?"

"நவம்பர் ஒண்ணாந் தேதி."

"ரம்மு போதுமா?"

"போதும் அண்ணி."

அண்ணி எழுந்து அடுக்களைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அந்த ஏப்ரன். அதை மதாமின் தோளில் போட்டார். "என்னுது பெருசாத்தான் இருக்கும். ரெண்டு சுத்து சுத்திக் கட்டு. முந்திரி எங்க வச்சிருக்க? குடு, நான் உடைக்கிறேன்."

மறுநாள் அப்படியே நடந்தது. அண்ணி கூடத்தில் உட்கார்ந்து முந்திரி உடைத்தார். மதாம் இரண்டு கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினார், துண்டு பெரிதாக இருக்கிறது என்று. ஓவன் வாசம் மாடி வரைக்கும் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று எனக்கும் தட்டு வந்தது. கேக் கொஞ்சம் ஈரமாக, நடுவில் லேசாக அமுங்கி இருந்தது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து மூன்று துண்டு சாப்பிட்டார். ரவா கேசரி என்று சொல்லவில்லை. மதாமும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும்போது மதாம் பாடினார். இத்தனை வருடத்தில் நான் கேட்ட முதல் பாட்டு அது.

ஒரே ஒரு விவரம் மிச்சம். 21-ஆம் தேதி காலை, நான் படியிலிருந்து எண்ணியபோது செடியில் பூ ஏழு. அண்ணி கிள்ளிய பிறகு செடியில் ஒன்றுகூட இல்லை. கோப்பையைக் கழுவுவதற்கு முன் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். அடியில் பூ ஆறு. ஜன்னல் விளிம்பிலும் தரையிலும் தேடினேன், இல்லை. அண்ணியின் ஜெபப் புத்தகம் அன்று ஜன்னலருகே இருந்தது என்று மதாம் சொல்கிறார்; எனக்கு அப்படி நினைவில்லை. ஏழாவது பூ எங்கே போயிற்று, அதன் இதழ்களை அண்ணி எண்ணினாரா, எண்ணியிருந்தால் அது ஏப்ரனை எடுப்பதற்கு முன்னாலா பின்னாலா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.